ஏற்றுக்கொண்ட நேரம்

ஒருவர் தம் விருப்பத்தால் ஒரு நியமத்தை ஏற்று, இன்ன செயலை இன்ன வேளையில் செய்வேன் என்று வாக்களித்தபின், அந்த வேளையில் செய்தால் பிறருக்கு நட்டம் வரும் என்று தெரியவந்தால், அவர் வேளையைக் காப்பாற்ற வேண்டுமா, நட்டப்படுபவரைக் காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்வியை அறநூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளன. வேள்வியையும் நோன்பையும் ஒட்டி எழுந்த இக்கேள்வி இன்று பல கோடிப் பேரின் சேமிப்பைத் தொடும் ஓரிடத்தில் மீண்டும் எழுந்து நிற்கிறது. பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணைப் பின்பற்றும் நிதிகள், அதாவது இண்டெக்ஸ் ஃபண்டுகள், அக்குறியீட்டெண்ணின் பட்டியல் மாறும்போது புதிதாகச் சேரும் பங்கை எந்த நேரத்தில் வாங்க வேண்டும் என்பதே அந்த இடம். வெறும் வர்த்தக நுணுக்கமாகத் தோன்றும் இதற்குள் வாக்கு, காலம், பொறுப்பு ஆகிய மூன்றைப் பற்றிய பழைய வழக்கு ஒன்று அடங்கியிருக்கிறது.

குறியீட்டெண் என்பது சந்தையில் உள்ள பங்குகளில் சிலவற்றை ஒரு விதிப்படி தேர்ந்தெடுத்து, அவற்றின் மதிப்பை ஒரே எண்ணாகச் சுருக்கிக் காட்டும் கணக்கு. இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தை 1996 ஏப்ரலில் தொடங்கிய நிஃப்டி 50இல் ஐம்பது நிறுவனங்கள் இடம்பெறுகின்றன. அமெரிக்காவின் எஸ் அண்டு பி குறியீட்டெண் 1957 மார்ச் முதல் ஐந்நூறு நிறுவனங்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இண்டெக்ஸ் ஃபண்டின் மேலாளர் எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று கணிக்க முற்படுவதில்லை. பட்டியலில் உள்ளவற்றைப் பட்டியலில் உள்ள விகிதத்திலேயே வாங்கி வைத்திருப்பதுடன் அவர் வேலை முடிகிறது. தேர்ந்தெடுப்பவர்களின் கூலியைக் கழித்துப் பார்த்தால் அவர்களுடைய தேர்வு சராசரியைக்கூட எட்டுவதில்லை என்பதைக் கண்டு, தேர்வையே துறந்துவிடும் வழி இது. பொதுமக்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டை ஜான் போகிள் 1976 ஆகஸ்டில் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரளும் என்று எதிர்பார்க்கப்பட்டது, திரண்டது 1.13 கோடி டாலர். ஐந்நூறு பங்குகளையும் வாங்க அது போதாமல், சுமார் 280 பங்குகளைக் கொண்டே அந்த நிதி குறியீட்டெண்ணுக்கு நெருங்கிய ஒரு வடிவத்தை அமைத்துக்கொண்டது. இந்தத் துறவு பிறக்கும்போதே எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட்ட ஒன்றாக இருக்கவில்லை என்ற செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

தேர்வைத் துறந்தவர் செயலையும் துறந்துவிட்டாரா? தொழிலைத் தொடங்காமல் இருப்பதனால் மட்டும் ஒருவர் செயலற்ற நிலையை அடைந்துவிட முடியுமா என்று பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் ஆராய்கிறது. எதை வாங்குவது என்ற முடிவைப் பட்டியலிடம் ஒப்படைத்துவிட்ட மேலாளருக்கும் எப்போது வாங்குவது என்ற முடிவு மிஞ்சியே இருக்கிறது. அதையும் பட்டியலிடமே ஒப்படைத்துவிடலாம் என்று அவர் எண்ணுவார். அப்படி ஒப்படைப்பதும் அவருடைய முடிவுதான்.

ஒப்படைப்பு நடக்கும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். நிஃப்டி 50இன் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி இறுதியோடும் ஜூலை இறுதியோடும் முடியும் ஆறு மாதத் தரவுகளைக் கொண்டு சீராய்வு செய்யப்படுகிறது. மாற்றங்கள் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டு, மார்ச் இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் நடைமுறைக்கு வருகின்றன. 2025 மார்ச் 28 முதல் பாரத் பெட்ரோலியமும் பிரிட்டானியாவும் வெளியேறி, ஜொமாட்டோவும் ஜியோ ஃபைனான்ஷியலும் உள்ளே வந்தன. அதாவது மார்ச் 27ஆம் தேதி மாலை சந்தை மூடும் விலையில், கணக்கின் அளவில், முதலிரண்டும் விற்கப்பட்டு மற்ற இரண்டும் வாங்கப்பட்டதாக வைத்துக்கொள்ளப்படுகிறது. அன்று நடைமுறையில் இருந்த விதிப்படி மூடும் விலை என்பது கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலையன்று. பிற்பகல் 3 மணியிலிருந்து 3.30 மணிவரை நடந்த எல்லா வியாபாரங்களின் எடையிட்ட சராசரி. ஆகவே குறியீட்டெண்ணோடு ஒத்துப்போக விரும்பும் மேலாளர் நான்கு வாரமாகத் தெரிந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, 3 மணிவரை காத்திருந்து, வாங்க வேண்டிய பங்குகளைச் சிறுசிறு ஆணைகளாகப் பிரித்து, அந்த அரை மணி நேரம் முழுவதும் சந்தையில் புழங்கும் அளவுக்கு ஏற்பத் தூவிக்கொண்டே போவார். நியூயார்க் பங்குச் சந்தையில் இந்தக் காத்திருப்பு இன்னும் குறுகியது: மாலை 4 மணிக்கு நடக்கும் இறுதி ஏலத்துக்கான ஆணைகளை 3.50 மணிக்குள் செலுத்திவிட வேண்டும். ஏலத்தில் பிறக்கும் ஒரே விலையில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த நேரத்துக்குத் தனிச் சிறப்பு ஏதேனும் உண்டா என்று கேட்டால், நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் ஒரு விவாதம் வியக்கத்தக்க தெளிவோடு விடையளிக்கிறது. வேதம் ஓரிடத்தில் சூரியன் உதித்தபின் ஆகுதி இடச் சொல்கிறது. வேறோரிடத்தில் உதிக்கும் முன் இடச் சொல்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேளையையும் விதிக்கிறது. பிறகு ஒவ்வொரு வேளையிலும் இடுவதைப் பழிக்கவும் செய்கிறது. இப்படித் தன்னோடு தானே முரண்படும் நூல் எப்படிப் பிரமாணம் ஆகும் என்று எதிர்வாதி கேட்கிறார். பிரமாணம் என்பது உண்மையறிவுக்குச் சான்றாக ஏற்கத்தக்க ஒன்று. நியாய சூத்திரத்தை இயற்றிய கௌதமரின் மறுமொழி சுருக்கமானது: பழிக்கப்படுவது எந்த வேளையும் அன்று, ஒரு வேளையை ஏற்றுக்கொண்டபின் அதை மாற்றுவதே பழிக்கப்படுகிறது. வாத்ஸ்யாயனரின் உரையும் இதையே விரித்துரைக்கிறது. இதன்படி, உதயத்துக்கு முன் என்பதற்கோ பின் என்பதற்கோ தன்னளவில் புண்ணியம் கிடையாது. ஏற்றுக்கொண்டவரின் ஏற்பே அந்த வேளைக்குக் கட்டுப்படுத்தும் வலிமையைத் தருகிறது. குறியீட்டெண் நிதிக்கு 3 மணிமுதல் 3.30 வரையிலான வேளையும் இத்தகையதுதான். அந்த அரை மணியில் பங்கு மலிவாகக் கிடைக்கும் என்றோ நியாயமான விலையில் கிடைக்கும் என்றோ எவரும் சொல்வதில்லை. கணக்கிடுபவர் அதைக் கொள்கிறார், பின்பற்றுபவர் அதை ஏற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

ஏற்பை மீறினால் வரும் குற்றத்துக்குச் சந்தையில் ஒரு பெயரும் ஓர் அளவும் உண்டு. நிதியின் வருவாய் குறியீட்டெண்ணின் வருவாயிலிருந்து நாள்தோறும் எவ்வளவு விலகி ஏறியிறங்குகிறது என்பதைக் காட்டும் எண்ணை டிராக்கிங் எரர், அதாவது தடவிலகல் என்பார்கள். இந்தியாவில் பங்குகள் சார்ந்த இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு இந்த விலகல் ஓராண்டு அளவில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022 மே மாதச் சுற்றறிக்கையில் வரையறுத்தது. பட்டியல் மாறினால் நிதியின் கையிருப்பை ஏழு நாள்களுக்குள் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற விதியும் அதிலேயே உள்ளது. சட்டம் ஏழு நாள் இடம் கொடுத்திருக்க, மேலாளர்கள் அரை மணி நேரத்துக்குள் தம்மை அடைத்துக்கொள்வது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது. ஒரு நாள் முன்னதாக வாங்கினாலும் ஒரு நாள் பின்னதாக வாங்கினாலும் விலகல் தோன்றும். அந்த விலகலால் நிதிக்கு இலாபம் வந்தாலும் அது விலகலாகவே எண்ணப்படும். நன்மையும் குற்றமாகப் பதிவாகும் ஓர் அளவுகோலின் முன் நிற்பவர், நன்மையை நாடுவதை விட்டுக் குற்றமில்லாமல் இருப்பதை நாடத் தொடங்குவது இயல்பு. இந்த இயல்பில்தான் இடர் இருக்கிறது. இதைப் பற்றி மேலாளர்களைவிட அறவியலார் அதிகம் கவலைப்பட வேண்டும்.

2020ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் நடந்தது இந்த இடரைப் பேருருவில் காட்டியது. டெஸ்லா நிறுவனம் எஸ் அண்டு பி 500இல் சேர்க்கப்படும் என்ற அறிவிப்பு நவம்பர் 16ஆம் தேதி மாலை வெளிவந்தது. சேர்க்கை டிசம்பர் 21ஆம் தேதி காலை என்று குறிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த நாளில் சுமார் 408 டாலராக இருந்த பங்கு, நிதிகள் வாங்கியாக வேண்டிய டிசம்பர் 18ஆம் தேதி மாலை 695 டாலரில் மூடியது. அதுவரை அக்குறியீட்டெண்ணில் நுழைந்தவற்றில் அதுவே மிகப் பெரிய நிறுவனம். அதை வாங்குவதற்கு நிதிகள் 5,000 கோடி டாலருக்கும் மிகுதியாகச் செலவிட வேண்டியிருந்தது. அடுத்த வேலை நாளிலேயே விலை 650 டாலர் அளவுக்கு இறங்கியது. ஐந்து வாரமாக எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு தேவையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, குறித்த மாலையில் நிதிகளுக்கு விற்றவர்கள் பெற்ற இலாபம் நிதிகளில் சேமித்தவர்களின் பணத்திலிருந்து வந்தது. முகூர்த்த நாளுக்கு முந்திய மாலையில் மல்லிகையின் விலை ஏறுவதை அறியாதவர் இல்லை. ஆனால் திருமண வீட்டார் ஏறிய விலையைக் கண்கூடாகக் காண்கிறார்கள், முணுமுணுக்கவாவது செய்கிறார்கள். இண்டெக்ஸ் ஃபண்டில் சேமித்தவர் ஏறிய விலையைக் காண்பதற்கே வழியில்லை. ஏனெனில் குறியீட்டெண்ணும் தன் கணக்கில் டெஸ்லாவை அதே 695 டாலருக்குத்தான் வாங்கிக்கொண்டது. நிதி இழந்ததைக் குறியீட்டெண்ணும் இழந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பூச்சியம். ஆகவே குற்றமும் பூச்சியம். துணியோடு சேர்ந்து முழக்கோலும் சுருங்கினால் துணி சுருங்கியதை முழக்கோல் காட்டாது.

இச்செலவு எவ்வளவு என்ற ஆராய்ச்சி பழமையானது. பங்கின் மதிப்பைப் பற்றிப் புதிய செய்தி ஏதும் இல்லாதபோதும், குறியீட்டெண்ணில் சேர்க்கப்படுவதாலேயே அதன் விலை ஏறுகிறது என்பதை ஆந்திரே ஷ்லைஃபர் 1986இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. 1989 அக்டோபர்வரை எஸ் அண்டு பி தன் மாற்றங்களை மாலையில் அறிவித்து மறுநாளே நடைமுறைப்படுத்தி வந்தது. நிதிகள் ஆயத்தம் செய்துகொள்ள அவகாசம் வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அதன்பின் முன்னறிவிப்பு வழக்கம் வந்தது. அந்த அவகாசம் நிதிகளைவிட அவற்றை முந்திக்கொண்டு வாங்குபவர்களுக்கே மிகுதியாகப் பயன்பட்டது; 1990களில் சேர்க்கையால் வந்த விலையேற்றம் சராசரியாக 7 சதவீதத்தைத் தாண்டியதாக ராபின் கிரீன்வுட்டும் மார்கோ சாமனும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதே ஆய்வு, 2010களில் இந்த ஏற்றம் ஏறத்தாழ ஒரு சதவீதத்துக்குச் சுருங்கிவிட்டதையும் காட்டுகிறது. முந்தி வாங்குபவர்கள் பெருகியதால் அவர்களுக்குள்ளேயே போட்டி மூண்டதும், நடுத்தர நிறுவனங்களின் குறியீட்டெண்ணிலிருந்து மேலே வரும் பங்குகளை அங்குள்ள நிதிகள் அதே வேளையில் விற்பதும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. நேர்மையான ஆராய்ச்சி இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டெஸ்லா 2021 ஜனவரி முதல் வாரத்தின் முடிவில் 880 டாலரில் மூடியது. டிசம்பர் 18ஐத் தவிர்த்துவிட்டு நெடுநாள் காத்திருந்தவர் இன்னும் கூடுதலாகவே கொடுத்திருப்பார். வேளையை மாற்றினால் நன்மை வரும் என்பதற்கு உறுதியில்லை. உறுதியில்லாத நன்மைக்காக உறுதியான வாக்கை மீறலாமா என்பதே மேலாளர் தரப்பின் வலுவான வாதம்; அது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று.

வேளையைக் காப்பாற்றவே முடியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியச் சந்தை 2023இல் ஒரு சான்று தந்தது. ரிலையன்ஸ் நிறுவனத்திலிருந்து அதன் நிதிப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தபோது, ஒவ்வொரு ரிலையன்ஸ் பங்குக்கும் புதிய நிறுவனத்தின் ஒரு பங்கு கிடைத்தது. ஜூலை 20ஆம் தேதி காலை நடந்த சிறப்பு அமர்வில் ரிலையன்ஸின் விலை 2,841.85 ரூபாயிலிருந்து 2,580 ரூபாயாக இறங்க, அந்த வேறுபாடான 261.85 ரூபாயே புதிய பங்கின் விலை என்று கொள்ளப்பட்டது. அன்றுமுதல் நிஃப்டி 50இல் ஐம்பத்தொரு பங்குகள் இருந்தன. ஆகஸ்ட் 21ஆம் தேதி ஜியோ ஃபைனான்ஷியல் என்ற பெயரில் அது சந்தையில் பட்டியலிடப்பட்டதும், சில நாள்களில் குறியீட்டெண்களிலிருந்து நீக்கப்படுவதாக ஏற்பாடு. நிதிகள் யாவும் விற்கப்போகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் பங்கு முதல் நாள்களில் 5 சதவீதக் கீழ்வரம்பைத் தொட்டுத் தொட்டு நின்றது. சந்தையில் லோயர் சர்க்யூட் என்று சொல்லப்படும் இந்நிலையில் விற்பவர் வரிசை நீண்டு கிடக்கும், வாங்குபவர் இருக்கமாட்டார். விற்கவே முடியாத ஒன்றைக் கணக்கில் விற்றுவிட்டால் எல்லா நிதிகளும் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆகிவிடும் என்பதால், குறியீட்டெண்ணை வகுத்தவர்களே, விதியில் முன்பே எழுதிவைத்திருந்தபடி, நீக்கும் நாளைத் தள்ளிவைத்தார்கள், மீண்டும் தள்ளிவைத்தார்கள். மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸிலிருந்து செப்டம்பர் 1ஆம் தேதியும் நிஃப்டியிலிருந்து செப்டம்பர் 7ஆம் தேதியும்தான் அது வெளியேறியது. ஒன்றரை ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், அதே பங்கை அதே நிதிகள் திரும்ப வாங்கின.

இந்த நிகழ்ச்சி ஒரு மெய்யியல் உண்மையை வெளிப்படுத்திவிட்டது. குறியீட்டெண் வானிலிருந்து ஒலிக்கும் ஆணையாக, சூரியனின் உதயத்தைப்போல மனிதரின் இயலாமையைப் பொருட்படுத்தாத ஒன்றாக, பின்பற்றுபவர்களால் பேசப்படுகிறது. ஆனால் பின்பற்ற முடியாதபோது அது பின்பற்றுபவர்களுக்காக நின்று காத்திருந்தது. உதயம் வேள்வி செய்பவருக்காகக் காத்திருப்பதில்லை. காத்திருக்கக்கூடிய வேளை மனிதர் தமக்குள் பேசிவைத்துக்கொண்ட வேளை. அப்படியானால் அந்தப் பேச்சில் சேமிப்பவரின் குரலுக்கும் இடம் இருந்திருக்க வேண்டும்.

வாய்மைக்குத் திருக்குறள் தரும் இலக்கணம் இங்கே துணைக்கு வருகிறது. பிறருக்குத் தீங்கு சிறிதும் தராத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வரையறுக்க, நடந்ததை நடந்தபடி கூறினாலும் அது தீங்கு பயக்குமானால் வாய்மையாகாது என்று பரிமேலழகர் அதன் கருத்தைத் தெளிவுபடுத்துகிறார். குறியீட்டெண்ணிலிருந்து இம்மியும் விலகவில்லை என்று ஒரு நிதி தன் ஆண்டறிக்கையில் எழுதினால் அது நடந்ததை நடந்தபடி கூறியதுதான். ஆனால் விலகாமல் இருப்பதற்குக் கொடுத்த விலையை அந்த வாக்கியம் சொல்வதில்லை. அந்த விலை எந்தக் கணக்கிலும் எழுதப்படாமல் போவதால் சேமித்தவர் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவும் முடிவதில்லை. வாக்கு அளிக்கப்பட்டது சேமித்தவருக்கு. குறியீட்டெண் அந்த வாக்கைச் சரிபார்க்க உதவும் பஞ்சாங்கம் மட்டுமே. பஞ்சாங்கத்துக்கு உண்மையாக இருந்தேன் என்பது சேமித்தவர் கேட்கும் கேள்விக்கு விடையாகாது.

இதனால் மேலாளர் தம் மனம்போன நேரத்தில் வாங்கலாம் என்று ஆகிவிடாது. துறந்த தேர்வைக் காலத்தின் வழியாகக் கொல்லைப்புறமாக உள்ளே அழைத்துக்கொண்டால், தேர்வுக்குரிய ஆசையும் அச்சமும் அதனோடு கூடவே வந்துவிடும். கௌதமர் பழித்த குற்றமும் அதுவே. ஆனால் அவர் வகுத்த எல்லைக்குள்ளேயே வேறொரு வழி திறந்திருக்கிறது. வேளைகள் பல, எதை ஏற்பது என்பது தொடக்கத்தில் செய்யும் தீர்மானம். பட்டியல் மாறும்போது குறித்த ஒரு மாலையில் வாங்காமல், சட்டம் தரும் ஏழு நாள்களில் பரவலாக வாங்குவோம், அதனால் விலகல் எண் சற்றுக் கூடித் தெரியும், அது இலாபமாகவும் இருக்கலாம் நட்டமாகவும் இருக்கலாம் என்று பணம் வாங்கும் முன்பே எழுதிக்கொடுக்கும் நிதி எந்த வாக்கையும் மீறியதாகாது. 1981இல் தொடங்கப்பட்ட டைமென்ஷனல் நிறுவனம் சிறு நிறுவனப் பங்குகளில் இதற்கு ஒத்த வழியையே தேர்ந்தது: குறியீட்டெண்ணை அச்சுப்பிசகாமல் பின்பற்றுவதாகச் சொல்லாமல், அந்த வகைப் பங்குகளைப் பரவலாக, விற்பவர் விரைந்து விற்க முன்வரும் வேளையில் பொறுமையாக வாங்குவதைத் தன் முறையாக அறிவித்துக்கொண்டது. போகிளின் முதல் நிதியும் ஐந்நூறுக்கு 280 பங்குகளோடு நின்றபோது தன் வாக்கை முறித்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியும் சிறு விலகலை ஏற்கும் நிதி, கண்ணுக்குத் தெரியாத செலவை ஏற்கும் நிதியைவிடத் தன் வாக்குக்கு நெருக்கமாக நிற்கிறது என்று கொள்வதே பொருத்தமாகும். ஏனெனில் முன்னதை மட்டுமே சேமித்தவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியும்.

ஏற்பைப் பற்றிய இவ்வளவு பேச்சும் ஏற்றுக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே நடந்தது. 2015 ஆகஸ்ட் முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு, புதிதாக முதலீடு செய்யும் பணத்தில் ஒரு பங்கை நிஃப்டி, சென்செக்ஸ் குறியீட்டெண்களைப் பின்பற்றும் இ.டி.எஃப். எனப்படும் சந்தையில் வணிகமாகும் நிதிகளில் இட்டு வருகிறது. 5 சதவீதமாகத் தொடங்கிய அப்பங்கு 2017இல் 15 சதவீதமாக உயர்ந்தது. திருப்பூரின் பனியன் ஆலை ஒன்றில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படும் 12 சதவீதத்திலிருந்தும் ஒரு சிறு துளி இவ்வழியே அந்த நிதிகளுக்குள் போகிறது. மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல் 3 மணிக்கு அவர் பெயராலும் ஒரு பங்கு வாங்கப்படுகிறது, இன்னொன்று விற்கப்படுகிறது. அவருடைய வைப்பு நிதிப் பாஸ்புக்கில் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியப் பங்கு என்று பத்திகள் இருக்கின்றன. அந்த அரை மணி நேரத்தை அவர் ஏற்றாரா என்று கேட்பதற்கு ஒரு பத்தியும் இல்லை.